பினாங்கில் கப்பல் நின்ற பகல்: அம்மாவோடும் பிள்ளைகளோடும்

"பினாங்கில் ஒரு பகல்தான் கிடைக்கிறது, குடும்பத்தோடு எங்கே போகலாம்?" என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். போன பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போய் வந்தோம். நான், மனைவி, தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர், முட்டிவலிக்கார அம்மா. கப்பலுக்குள் என்ன சாப்பாடு, என்ன ஆட்டம் என்பதெல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. இறங்கிய பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பினாங்கில் பெரிய வசதி, துறைமுகமே ஜார்ஜ் டவுன் நகருக்குள் இருப்பது. சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் நேராகக் கரையணைகிறது. வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் விக்டோரியா மணிக்கூண்டு, அதையடுத்து கார்ன்வாலிஸ் கோட்டை. அதனால் ஊருக்குள் சுற்றிக்காட்டக் கப்பல்காரர்கள் விற்கும் பஸ் பயணத்துக்குக் காசு கட்டுவது வீண் என்பது என் எண்ணம். பினாங்கு மலைக்குப் போகிறவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். 1923 முதல் ஓடும் மலை ரயில், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் விடுமுறை நாள் வரிசையில் அம்மாவை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பதற எனக்கு மனமில்லை. அதனால் கால் போகும் தூரம் மட்டும் என்று முடிவு செய்தோம்.

காலையில் கப்பலிலேயே பசியாறிவிட்டு இறங்கினோம். வாசலில் டாக்சிக்காரர்கள் எங்கள் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார்கள், தொல்லை இல்லை.

மணிக்கூண்டு 60 அடி உயரம். விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கு ஓர் அடி என்று கணக்கு வைத்து ஒரு சீனச் செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. பெரியவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது சாஞ்சிருக்கு" என்றான். உண்மைதான், இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளால் லேசாகச் சாய்ந்தது என்று சொல்கிறார்கள். கோட்டையைச் சட்டென்று முடித்துக்கொண்டோம். வெயில் ஏறிவிட்டது.

அங்கிருந்து அம்மாவையும் சின்னவளையும் ரிக்‌ஷாவில் ஏற்றினோம். இங்கே பயணி முன்னால் உட்கார, ஓட்டுபவர் பின்னால் இருந்து மிதிக்கிறார். வண்டி முழுக்கப் பிளாஸ்டிக் பூ. ஓட்டியவர் வயதான சீனர். அம்மா தன் சந்தை மலாயில் பேரம் பேச ஆரம்பித்தார். இருவரும் சண்டை போடுகிறார்கள் என்று மனைவி பயந்துவிட்டாள். கடைசியில் பார்த்தால் இருவருமே சிரிக்கிறார்கள், விலையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசிவிடுங்கள், அது போதும்.

குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலில் இறங்கிக் கும்பிட்டோம். 1833-இல் எழுந்த கோவில். உச்சிவேளைக்கு நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். சுற்றிலும் லிட்டில் இந்தியா. பூக்கடை, பலகாரக் கடை, காதைப் பிளக்கும் பாட்டு. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவைப் பார்த்தவர்களுக்குப் புதிதில்லை.

சூலியா ஸ்திரீட் மூலையில் நாகூர் தர்கா ஒன்று இருக்கிறது. நாகூர் ஆண்டவர் பெயரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுப்பப்பட்டது. அம்மாவின் அப்பா நாகூருக்குப் பக்கத்தில் உள்ள திருமருகல் பக்கத்துக்காரர் என்பதால், பெயரைப் பார்த்ததும் அம்மா அங்கேயே நின்றுவிட்டார். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார், "எந்த ஊரும்மா?"

"சிங்கப்பூர்."

"அது சரி, இந்தியாவுல எந்த ஊரு?"

அம்மா சொன்னார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருடைய அத்தாவும், அதாவது அப்பாவும், நாகூரிலிருந்து ராஜுலா கப்பலில் வந்தவராம். என் தாத்தா வந்ததும் அதே ராஜுலாவில்தான். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: 1926-இல் கட்டிய கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் பிறகு வந்தது சிதம்பரம் கப்பல், 1985-இல் அது தீப்பிடித்ததோடு அந்தச் சேவையும் போனது.

இருவரும் யார் யார் எங்கே இறங்கினார்கள், யாருடைய பெட்டி தொலைந்தது, யாரை நோய்த் தடுப்புக்காக ஜெரஜா தீவில் வைத்தார்கள் என்று பேசிக்கொண்டே போனார்கள். சின்னவள் இடையில் புகுந்து, "பாட்டி, அந்தக் கப்பல்ல நீச்சல் குளம் இருந்துச்சா?" என்றாள். பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மேல்தளத்துல பாய் விரிச்சுப் படுத்தாங்க. மழை பெஞ்சா அதான் குளம்" என்றார். எங்கள் திட்டத்தில் இல்லாத அந்த நேரத்தில் கோங்சி வீடு என்ற சீனக் குலச் சங்க மாளிகையும் அருங்காட்சியகமும் கைநழுவிப் போயின. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பக்கத்தில் காப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801-இல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. தொழுகை இல்லாத நேரத்தில் உள்ளே விடுகிறார்கள். மதியம் நாசி கண்டார். அந்தக் காலத்தில் காவடி மாதிரித் தோளில் தூக்கி விற்ற சோறு. எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், தனித்தனியாகக் கேட்டால் ருசி வராது. ஆர்மேனியன் ஸ்திரீட்டில் சைக்கிளில் பிள்ளைகள் இருக்கும் சுவரோவியத்தின் முன் படமெடுக்க ஒரே கூட்டம். என் பிள்ளைகள் வரிசையைப் பார்த்துவிட்டு ஐஸ் கேட்டார்கள். செண்டோல் வாங்கிக் கொடுத்தேன், எல்லாருக்கும் நிம்மதி.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே கடிகாரம். புக்கெட்டும் சேர்ந்த பயணம் என்றால் தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கைப்பேசி தானாக மாறிவிடும், கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அன்பர்:

நல்ல பகிர்வு அண்ணே. ஆனால் தண்ணீர்மலைக் கோவில் முருகனை விட்டுவிட்டீர்களே! 500-க்கு மேல் படிகள், அம்மாவுக்கு முடியாதுதான். இளவட்டம் என்றால் காலையிலேயே போய் ஏறிவிடலாம். மலை ரயிலுக்குப் போகிறவர்கள் ஜெட்டி என்ற படகுத்துறையிலிருந்து 204 பஸ்ஸைப் பிடிக்கலாம். ஜார்ஜ் டவுனுக்குள் கேட் (CAT) என்ற இலவசப் பஸ்ஸும் சுற்றுகிறது, காசே வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் பக்கம் நெரிசல், வேறு வேளையில் போங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து இன்னொருவர்:

என் மாமியாரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனோம். துறைமுகக் கட்டடத்துக்குள் சிக்கல் இல்லை. ஊருக்குள்தான் சோதனை. கடைகளுக்கு முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதை ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு உயரம், நடுவில் மோட்டார் சைக்கிள் வேறு. கடைசியில் ரோட்டிலேயே தள்ளிக்கொண்டு போனோம். நாற்காலியை மடக்கி, கைப்பேசிச் செயலியில் கூப்பிடும் கிராப் காரில் வைத்துக்கொண்டு இடத்துக்கு இடம் போவதுதான் சரி. அந்தத் தர்கா பெரியவர் எந்த நேரத்தில் அங்கே இருப்பார் என்று சொல்ல முடியுமா? என் மாமியாரும் ராஜுலாவில் வந்தவர்தான்.