கச்சானுக்குக் காவல் கமராவா, கண்ணா?

தோட்டக்காரன்:
வணக்கம். முல்லைத்தீவு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே அரை ஏக்கர் சிறுபோகக் கச்சான் (நிலக்கடலை) போட்டிருக்கிறேன். காய் முற்றுகிற நேரம் பார்த்து இரவில் ஏதோ வந்து கிண்டிவிட்டுப் போகிறது. கனடாவிலிருந்து வந்த மச்சான், முன்னால் ஏதும் அசைந்தால் தானாகப் படமெடுக்கும் காட்டுக் கமரா ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். வேலிக் கட்டையில் நெஞ்சளவு உயரத்தில் கட்டினேன். மூன்று நாளில் 1,412 படம். அத்தனையும் புல். ஒன்றில் மட்டும் எங்கள் நாய். விடியற்காலைப் படங்கள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. கமரா பழுதா, நான் பழுதா?

பாலைமரம்:
இரண்டும் பழுதில்லை. கமராவைக் கிழக்குப் பார்க்கக் கட்டியிருப்பீர்கள், வெள்ளைப் படங்களே சொல்கின்றன. வடக்குப் பார்க்கத் திருப்புங்கள்.

கமராவைத் தூண்டுகிற சென்சர் அசைவை அல்ல, சூட்டு வித்தியாசம் நகர்வதைத்தான் பிடிக்கிறது. கச்சான் என்றே நாம் சொல்லும் ஆடி மாதத்து மேல்காற்றில், வெயில் குடித்த புல் கமராவுக்கு முன்னால் ஆடினால் அதற்கு அதுவும் ஒரு மிருகம்தான். நடுப்பகலில் இதற்கு மறுவளமாக நடக்கும். நிலமும் மிருகத்தின் மேல்தோலும் ஏறக்குறைய ஒரே சூடாக இருந்தால், மரை வந்து நின்றாலும் பேசாமல் இருக்கும். எங்கள் பக்கத்து வெயிலில் பகல் படங்களை அதிகம் நம்பவேண்டாம்.

நெஞ்சளவு உயரம் யானைக்குச் சரி, பன்றிக்குச் சரிவராது. முழங்காலுக்குச் சற்று மேலே இறக்குங்கள். முன்னால் நாலைந்து மீட்டருக்குப் புல்லைச் செதுக்குங்கள். மிருகம் நேரே கமராவை நோக்கி வந்தால் சென்சர் தாமதமாகத்தான் விழிக்கும், குறுக்கே போனால் உடனே பிடிக்கும். ஆகவே தடத்தைச் சரிவாகப் பார்க்கிற மாதிரிக் கட்டுங்கள். பிறகு சோதனை நிலையில் வைத்துவிட்டு, நீங்களே நாலு காலில் அந்த வழியால் தவழ்ந்து போங்கள். சிவப்பு லைட் மின்னினால் சரி. வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பழைய காவல்காரன்:
தவழ்ந்து பார்க்கவும் சொல்லியாயிற்றா! தம்பி, என் அப்பு பரணில் படுத்தே ஆயுளைக் கழித்தவர். விடிய எழும்பித் தேத்தண்ணியோடு ஒரு சுற்று வந்தால், எது வந்தது, எத்தனை வந்தது, குட்டியோடு வந்ததா என்று சொல்லிவிடுவார். பற்றரி எதுவும் தேவைப்படவில்லை. வேலி ஓட்டைக்கு முன்னால் இரண்டு கடகம் மணலைப் பரப்பித் தடவிவிடு, காலையில் பார். உழுத மாதிரிக் கிளறியிருந்தால் பன்றிதான், அதற்கு ஏன் 1,412 படம்? அந்தக் காசுக்கு முள்ளுக்கம்பி வாங்கியிருக்கலாம்.

தோட்டக்காரன்:
ஐயா, கமரா சும்மா வந்தது. முள்ளுக்கம்பியை யாரும் சும்மா தரவில்லை.

நெடுங்கேணியாள்:
காவல்காரன் ஐயா சொல்கிற மணல் நல்ல வழிதான், நாங்களும் செய்கிறோம். ஆனால் மழை பெய்தால் மணலில் ஒன்றும் மிஞ்சாது. தடம் இரவு எட்டு மணியினதா மூன்று மணியினதா என்பதும் தெரியாது. நேரம் தெரிந்தால்தானே காவலுக்கு எப்போது எழும்புவது என்று தெரியும்? தம்பி, முதலில் கமராவில் திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். நான் ஒரு மாதம் முழுக்கத் தப்பான நேரத்தோடு படம் சேர்த்தவள்.

இன்னொன்று, பற்றரி. திரும்பச் சார்ஜ் ஏற்றும் பற்றரி ஒன்று 1.2 வோல்ட்தான், சாதாரணமானது 1.5. எட்டுப் போட்டால் 12க்குப் பதிலாக 9.6. என்னுடைய கமரா பகலில் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, இரவில் அகச்சிவப்பு லைட்டுக்கு வலு போதாமல் கறுப்புப் படமாகத் தந்தது. பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியது தனிக்கதை.

பழைய காவல்காரன்:
யானை வந்தால் கட்டையோடு போகும் என்பதையும் சொல்லுங்கள் பிள்ளை.

நெடுங்கேணியாள்:
போனதுதான் ஐயா. முதல் கமரா அப்படித்தான் போனது. அதன் அகச்சிவப்பு லைட் 850 நனோமீட்டர் அலைநீள வகை, இருட்டில் தணல் மாதிரி மங்கலாகச் சிவக்கும். யானை வந்தது அதைப் பார்த்தா, கமராவில் என் கை மணத்தைப் பிடித்தா, தெரியாது. மெமரி கார்ட் மட்டும் சேற்றில் கிடைத்தது. கடைசிப் படம் முழுக்கத் தும்பிக்கை நுனி. இப்போது இருப்பது 940, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது.

தோட்டக்காரன் (ஆறு நாள் கழித்து):
சொன்னபடி எல்லாம் செய்தேன், தவழ்ந்ததும் சேர்த்து. 63 படம்தான் விழுந்தது. இரண்டு இரவு, ஒரு மணி நாற்பதுக்குக் கிட்ட, முள்ளம்பன்றி. ஒன்றில் முள்ளை விரித்துக்கொண்டு கச்சான் செடியைக் கடிக்கிறது, கண் இரண்டும் வெள்ளைப் பொட்டு. பன்றி ஒன்றுகூட இல்லை.

பழைய காவல்காரன்:
கமராவுக்கு முன்னால் பன்றி இல்லை என்று சொல்லு. தோட்டத்துக்கு எத்தனை ஓட்டை? உன் கமரா பார்ப்பது ஒன்றைத்தான். வாய்க்கால் பக்கம் போய் மண்ணைப் பார்த்தாயா?

தோட்டக்காரன்:
பார்த்தேன் ஐயா. வாய்க்கால் பக்கம் உழுதுதான் கிடக்கிறது. இரண்டு குளம்புத் தடம், பின்னால் சின்னதாக இரண்டு பொட்டு.

பழைய காவல்காரன்:
அதுதான் பன்றி. எனக்கு ஒரு கச்சான் பொட்டலம் கடன்.

தோட்டக்காரன்:
ஒரு விஷயம் சொல்லாமல் விட்டேன். ஒரு படத்தில் ஆள் ஒருவர். இரவு பதினொன்றுக்கு, கையில் சைக்கிள் பிரேக் கம்பிச் சுருள். எனக்குத் தெரிந்த ஆள்தான்.

பழைய காவல்காரன்:
பேஸ்புக்கில் போடு. சுருக்குக் கம்பி கட்டுகிறவனை ஊர் பார்க்கட்டும்.

பாலைமரம்:
தயவுசெய்து போடாதீர்கள். பன்றிக்குக் கட்டுகிற சுருக்கில்தான் சிறுத்தையும் கரடியும் மாட்டுகின்றன, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு படத்தில் கம்பி கையில் இருக்கிறது, கட்டியதாக இல்லை. நீங்கள் அதே ஊரில் இருக்கவேண்டியவர். கமராத் திரையைக் கைத்தொலைபேசியால் படமெடுத்தால் அந்தப் படத்துக்குள் உங்கள் இடமும் பதிந்திருக்கலாம், அதையும் யோசியுங்கள்.

நெடுங்கேணியாள்:
ஒளித்து வைப்பதும் சரியில்லை. 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையை அடித்துக் கொன்றது வெளியில் பரவிய வீடியோவால்தானே பெரிய விஷயமானது? கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு கார்ட் போடுங்கள். படத்தை வனஜீவராசிகள் திணைக்களத்துக்குக் கொடுங்கள். சுருக்கைத் தேடுகிறேன் என்று தனியாகக் காட்டுக்குள் இறங்கவேண்டாம். மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் மிதிவெடி இல்லாத இடம் என்றில்லை.

பழைய காவல்காரன்:
அதில் பிள்ளையோடு ஒத்துப்போகிறேன். மற்றதில் இல்லை.

தோட்டக்காரன்:
கார்டைக் கழற்றிவிட்டேன். கமராவை வாய்க்கால் பக்கம் கட்டியிருக்கிறேன், என் வரம்பை மட்டும் பார்க்கிற மாதிரி. மணலும் இரண்டு கடகம் போட்டாயிற்று, ஐயா.