லால்குடி வீட்டுக் குழு: விளக்குமாற்று ஈர்க்கு

ஞாயிறு

கயல் (காலை 7.10): தாத்தா, ஒரு யோசனை சொல்லுங்கள். பள்ளியில் தமிழ் மன்றமும் அறிவியல் மன்றமும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒன்றாக நடக்கின்றன. இரண்டில் ஒன்றில்தான் சேர முடியுமாம். நாளைக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

தாத்தா: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தமிழ் மன்றம்.

அத்தை: அப்பா, பிள்ளை கேட்டு முடிப்பதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டீர்களே.

கயல்: தமிழ் மன்றம் என்றாலே பேச்சுப் போட்டிதான், தாத்தா. யாரோ எழுதிக் கொடுத்ததை உருப்போட்டு ஒப்பிக்க வேண்டும். போன ஆண்டு நடுவில் மறந்துபோய் "நன்றி, வணக்கம்" சொல்லி இறங்கிவிட்டேன்.

இனியன்: அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல்.

அம்மா: இனியா, பல் தேய்த்தாயா?

சித்தப்பா: அறிவியல் மன்றம் மட்டும் என்ன வாழ்ந்தது? நான் படித்தபோது 3 ஆண்டும் ஒரே எரிமலைதான். சமையல் சோடா, வினிகர், சிவப்பு மை. வந்த விருந்தினர் 3 ஆண்டும் வியந்தார்.

அத்தை: அந்தக் காலம் போய்விட்டது, தம்பி. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை வானவில் மன்றம் என்று அறிவியல் செய்து பார்க்கிற திட்டம் இருக்கிறது. 2022 நவம்பரில் நம் திருச்சியில்தான் தொடங்கினார்கள். கருத்தாளர்கள் பொருள்களோடு வகுப்புக்கே வருகிறார்கள், பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்கிறார்கள். என் ஆற்றாமை வேறு. செய்து முடித்ததும் "பார்த்ததை எழுது" என்றால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கண்ணெதிரே நடந்ததற்கு வாயில் சொல் இல்லை. அதனால் கயல், நீ எதில் சேர்ந்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் நாளைக்கும் நாளை மறுநாளும் நண்பகலில் வெளியே வந்து பார். நம் ஊருக்கு நிழலில்லா நாள்.

இனியன்: நிழல் எங்கே போகும்?

அத்தை: காலுக்கு அடியில். சூரியன் நேர் உச்சிக்கு வந்தால் செங்குத்தாக நிற்கும் பொருளின் நிழல் அதன் அடியிலேயே விழுந்துவிடும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் இருக்கிற ஊர்களுக்கு ஆண்டில் இரண்டு முறை இப்படி நடக்கும். நமக்கு ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டு 24, 25 வாக்கில் ஒன்று. டெல்லிக்கு ஒருபோதும் கிடையாது.

சித்தப்பா: பெங்களூருக்கு 18ஆம் தேதியே வந்துபோனது. அலுவலக மாடியில் கைப்பிடிக் கம்பியின் நிழலைத் தேடினோம். மேகம்தான் கிடைத்தது.

அத்தை: சூரியன் இப்போது நாளுக்கு நாள் தெற்கே இறங்குகிறது. அதனால் உனக்கு முதலில், எங்களுக்குப் பிறகு. கன்னியாகுமரிக்கு இன்னும் ஒரு வாரம் ஆகும். கயல், 12 மணிக்குப் பார்த்து ஏமாறாதே. 12.17க்குப் பார்.

கயல்: ஏன் 17 நிமிடம் தள்ளி?

அத்தை: நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. நாம் இருப்பது 79 பாகைக்குச் சற்று மேற்கே. ஒரு பாகைக்கு 4 நிமிடம். அதிலேயே கால் மணி போய்விடும். மீதி 2 நிமிடம் பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் சேர்ந்து செய்கிற வேலை, அதைப் 11ஆம் வகுப்பில் சொல்கிறேன்.

தாத்தா: இந்த உச்சிப்பொழுதுக்கு நம் ஊரில் ஒரே சொல் இருந்தது: உருமம். என் தாத்தா "உருமத்துக்குள் களையெடுப்பு முடிய வேண்டும்" என்பார். கடிகாரம் கட்டியவர் அல்லர். கயல், மாடியில் வெயில் வந்துவிட்டதா?

கயல்: வந்துவிட்டது, தாத்தா.

தாத்தா: "காட்டுத் துரும்பெடுத்து" என்று ஒரு பழம்பாட்டு உண்டு. ஒரு துரும்பை உன் விரலால் 16 விரற்கடை, அதாவது 16 விரல் அகலம், அளந்து ஒடித்துக்கொள். அதை மடி. ஒரு பகுதி தரையில் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் படுத்திருக்க வேண்டும், மறு பகுதி நேராக நிற்க வேண்டும். நிற்கிற பகுதியின் நிழல் படுத்திருக்கிற பகுதியின் நுனியை மிகச் சரியாகத் தொடும்வரை மடிப்பை நகர்த்து. எத்தனை விரற்கடை நிற்கிறதோ, விடிந்து அத்தனை நாழிகை. பிற்பகலில் பார்த்தால் பொழுது சாய அத்தனை நாழிகை மீதி.

சித்தப்பா: ஒரு நாழிகை 24 நிமிடம். அப்பா, இது ஒத்துவராது. உச்சியில் நிழலே இல்லை என்றால் துரும்பு முழுதும் நிற்கும். 16 நாழிகை. அரைப்பகல் 15 நாழிகைதானே?

தாத்தா: நீ கணக்குப் போடு. அவள் துரும்பு எடுக்கட்டும்.

அம்மா: துரும்பு எடுக்கவில்லை, மாமா. புது விளக்குமாற்றை அவிழ்க்கிறாள்.

கயல் (9.40): பார்த்துவிட்டேன்! இன்று சூரியன் உதித்தது 6.06 என்று நாட்காட்டியில் இருக்கிறது. 8.15க்கு 6 விரற்கடை நின்றது. கணக்குப்படி 8.30 ஆகியிருக்க வேண்டும், கால் மணி பிசகு. 9.15க்கு மடிப்பு நட்டநடுவில் வந்தது, 8 நின்றது, 8 படுத்திருந்தது. 8 நாழிகை என்றால் 192 நிமிடம். 6.06உடன் கூட்டினால் 9.18! மூன்றே நிமிடம், தாத்தா!

தாத்தா: ம்.

அத்தை: அந்த "ம்" இந்த வீட்டில் யாருக்கும் எளிதில் கிடைக்காது. கயல், பத்திரமாக வைத்துக்கொள்.

இனியன்: என் விரலால் அளந்தால் துரும்பு குட்டையாகிவிடுகிறது. ஆனால் மணி அதேதான் வருகிறது. எப்படி?

சித்தப்பா: அடேய், நல்ல கேள்வி. எவ்வளவு நீளம் என்பது முக்கியமில்லை, 16இல் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. உன் விரலே உன் அளவுகோல்.

கயல்: ஆனால் சித்தப்பா சொன்னதும் சரிதான். உச்சியில் துரும்பு 12.30 காட்டும், நிஜத்தில் 12.17தான். அப்படியானால் பாட்டு தப்பா?

தாத்தா: தப்பு என்று அவசரப்படாதே. வயலில் நிற்பவனுக்குக் கால் மணி பிசகினால் ரயில் போய்விடாது. எவ்வளவு பிசகும், எந்த நேரத்தில் பிசகும் என்று எழுதி வை. அதைப் பாட்டு எழுதியவர் விட்டுவிட்டார்.

திங்கள்

கயல் (மாலை 5.05): 12.05 வரை மேகம். 12.15க்கு விலகியது. கொடிக்கம்பம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது என்று இன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது, அதன் நிழல் மட்டும் போகவே இல்லை. ஆனால் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தோம், சுற்றிலும் ஒரு கோடு கூட இல்லை. தமிழ் ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்று தன் நிழலைத் தேடினார்.

அத்தை: பெயர் கொடுத்தாயா?

கயல்: கொடுத்தேன். தமிழ் மன்றம்.

அத்தை: என்ன!

கயல்: அறிவியல் மன்றத்தில் ஏற்கெனவே 32 பேர், அத்தை. தமிழ் மன்றத்தில் 9 பேர்தான், என்னோடு 10. ஐயாவிடம் துரும்புப் பாட்டைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பேச்சுக்குப் பதிலாக அதைச் செய்து காட்டு, பிசகையும் சேர்த்துச் சொல் என்றார். மனப்பாடம் வேண்டாமாம். அறிவியல் டீச்சர் தன் 32 பேரையும் மைதானத்துக்கு அழைத்து வருகிறேன் என்றார்கள்.

தாத்தா: பிசகு என்ற சொல்லை நீயே சொன்னாயா, ஐயா சொன்னாரா?

கயல்: நான்தான் சொன்னேன், தாத்தா.

தாத்தா: ம்.

அம்மா: ஒருவருக்கு ஓர் ஈர்க்கு என்றால் 42. கயல் அப்பா, வரும்போது கடைத்தெருவில் விளக்குமாறு ஒன்று வாங்கி வாருங்கள். இரண்டாகவே வாங்கிவிடுங்கள், ஒன்று வீடு பெருக்க.