ஊர் வரலாற்றை வானொலிக்கு எழுதுதல்: மூவர் மூன்று விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

கேள்வி

எங்கள் சிற்றூரின் பழைய கதைகளை ஏழு நிமிட நிகழ்ச்சிகளாக உள்ளூர் வானொலியில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்துள்ளது. நூலகத்தில் ஊரைப் பற்றி அச்சில் கிடைப்பது இரண்டே பக்கங்கள். ஆற்றுப்பாலம் இடிந்ததைப் பற்றிக் கேட்டால், மூன்று முதியவர்கள் மூன்று வேறு ஆண்டுகளையும் காரணங்களையும் சொல்கிறார்கள். யாரை நம்பி எழுதுவது?

மறுமொழி 1

ஆண்டை நேரடியாகக் கேட்காதீர்கள். "அப்போது உங்கள் மூத்த பிள்ளை பிறந்திருந்ததா? 1969-இல் மனிதன் நிலவில் இறங்கியதற்கு முன்பா, பின்பா?" என்று கேட்டால் காலம் தானாக நெருங்கிவரும். பிறகு பழைய நாளிதழ்களைப் புரட்டுங்கள். பெரிய செய்திகளைவிட ஏல அறிவிப்பு, இரங்கல் குறிப்பு, பேருந்துத் தட மாற்றம் போன்ற சிறு அறிவிப்புகளில்தான் சிற்றூர்கள் தென்படும். பள்ளியின் அனுமதியுடன் பழைய வருகைப் பதிவேட்டைப் பார்க்க முடிந்தால், அக்கரைப் பிள்ளைகள் எந்த வாரத்திலிருந்து வரவில்லை என்பதே பாலம் இடிந்த நாளைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.

மறுமொழி 2

தேதிக்கு மேற்கண்ட வழி சரி. ஆனால் காரணத்தைப் பொறுத்தவரை ஒருவரைத் தேர்ந்தெடுத்து மற்ற இருவரை விட்டுவிடுவது, என் கருத்தில், பெரிய இழப்பு. மூன்று குரல்களையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, ஆவணம் எதுவரை உறுதிசெய்கிறது என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது என்பதால், ஒரு நிகழ்ச்சிக்கு ஓர் ஆண்டும் இரண்டு பெயர்களும் போதும். இடிந்தபோது என்ன சத்தம் கேட்டது, அன்றிரவு எப்படிக் கரை கடந்தார்கள் என்று கேளுங்கள். ஆண்டை மறந்தவர்களும் அதை மறந்திருக்க மாட்டார்கள். பேட்டி எடுத்த அறையின் அமைதியையும் ஒரு நிமிடம் பதிவுசெய்துகொண்டால், பின்னர் வெட்டி ஒட்டும் இடங்களை மறைக்க உதவும். (நான் இதை மறந்து, ஒரு முழு நிகழ்ச்சியும் துண்டு துண்டாக ஒலித்தது.)

மறுமொழி 3

"ஒப்பந்தக்காரர் சிமெண்டைக் குறைத்துவிட்டார்" என்பது மூன்று காரணங்களில் ஒன்றாக இருந்தால், ஆவணச் சான்றின்றி அதை ஒலிபரப்பாதீர்கள். ஊர் சிறியதென்றால் அவருடைய குடும்பம் கேட்டுக்கொண்டிருக்கும். பேசுபவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். வெட்டாத முழுப் பதிவையும் நூலகத்திற்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

கேட்டவர்

வருகைப் பதிவேடு எனக்குத் தோன்றவே இல்லை. நாளையே தலைமையாசிரியரைப் பார்க்கிறேன். மூன்றாமவர் ஊகித்தது சரிதான், சிமெண்டுக் கதையும் அதில் உண்டு. ஒப்பந்தக்காரரின் பேரன் என் அண்டை வீட்டுக்காரர் என்பதால், நான்காவது பேட்டியை அவரிடமே கேட்கப்போகிறேன்.