பெரும்போகத் தூசிக்குப் பிறகு பீனிசம்: அன்ரிபயோட்டிக் தேவையோ?

கேள்வி (பரந்தன்):
அறுவடை மெசினுக்குப் பின்னால நிண்ட கனபேருக்கு இப்ப பீனிசம். கன்னம் கனக்குது, குனிஞ்சா நெற்றி இடிக்குது, சளி பச்சை. பாமசியில நேர அன்ரிபயோட்டிக் வாங்கிப் போடினம். சரியோ? கிணத்துத் தண்ணியில உப்புப் போட்டு மூக்குக் கழுவலாமோ?

மறுமொழி 1 (மாங்குளம்):
சளியின்ர நிறத்தை விடுங்கோ அண்ணை. சும்மா வைரசுத் தடிமனிலயும் மூண்டு நாலு நாளில பச்சையாகும். அது வெண்குருதிக் கலங்களில இருக்கிற நொதியத்தின்ர நிறம். நாளை எண்ணுங்கோ. 10 நாளாகியும் குறையாட்டி, இல்லாட்டிச் சுகமாகி வந்து திரும்பக் கூடினா, பக்டீரியா எண்டு சந்தேகிக்கலாம். தொடக்கத்திலேயே 39 பாகை காய்ச்சலோட சீழ்ச்சளியோ முகநோவோ 3–4 நாள் விடாமல் நிண்டாலும் அப்பிடித்தான். அதுக்கு முன்னம் போடுற குளிசை வீண்.

கன்ன எலும்புக்குள்ள ஒரு காத்துக் குழி இருக்கு; அது மூக்குக்குள்ள திறக்கிற வாசல் அடியில இல்லை, மேல இருக்கு. பானைக்கு அடியில விடாமல் கழுத்தில ஓட்டை போட்ட மாதிரி. தூசியாலயோ தடிமனாலயோ உள்தோல் வீங்கி அந்த வாசல் அடைபட்டா, சளி தேங்கிப் பழுக்கும்.

மறுமொழி 2 (நெடுங்கேணி):
கொதிக்கவைக்காத கிணத்துத் தண்ணி வேண்டவே வேண்டாம். குடிச்சா ஒண்டும் செய்யாத ஒரு அமீபா மூக்கால ஏறினா மூளைக்குப் போகும். மிக அரிது, ஆனா வந்தா தப்பிறது கஷ்டம்.

கால் லீற்றர் தண்ணியில அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, நல்லாக் கொதிச்சபிறகு ஒரு நிமிஷமாவது விடுங்கோ. ஆனையிறவுக் கல்லுப்பெண்டா இடிச்சு அளவுங்கோ. எங்கட தண்ணியில வெள்ளையா அடியில படியும்; மூடி ஆறவிட்டுத் தெளிவை எடுங்கோ. ஒரு சிட்டிகை அப்பச்சோடா சேர்த்தா எரிவு குறையும். வெறுந்தண்ணிதான் சுள்ளெண்டு எரிக்கும்.

குனிஞ்சு, தலையைச் சரிச்சு, வாயால மூச்சு விட்டுக்கொண்டு, ஊசியில்லாத 20 மில்லி சிறிஞ்சால மேல்பக்கம் இருக்கிற மூக்கோட்டையில மெல்ல விடுங்கோ, மற்றதால வடியும். உடன பலமாச் சிந்தினா காதுக்குள்ள போகும்.

மறுமொழி 3 (வவுனியா):
அடைப்புத் திறக்கிற மூக்குத்துளி 3 நாளுக்கு மேல வேண்டாம். விட்டவுடன முன்னையிலும் மோசமா அடைக்கும். ஒரு பக்கத்தால மட்டும் நாத்தச் சளி வந்தா மேல்வாய்க் கடைவாய்ப்பல்லைப் பல் டொக்டரிட்டக் காட்டுங்கோ, வேர்ச்சீழ் குழிக்குள்ள உடைஞ்சிருக்கலாம். பிள்ளையளுக்குச் சட்டி வைச்சு ஆவி பிடிக்காதேங்கோ, சுடுதண்ணி கவிழ்ந்துதான் ஆபத்து.

கண்ணைச் சுத்தி வீக்கம், பார்வை இரண்டாத் தெரியிறது, கழுத்து விறைப்பு, மயக்கக் குழப்பம்: இதுகளில ஒண்டு வந்தாலும் கிளினிக் நாளுக்கு நிக்காமல் அண்டிரவே பெரியாஸ்பத்திரிக்கு.