நோட் வெர்ஷன் படுத்திய பாடு

தரமணி ஆபீசில் எங்கள் கைக்கு வந்த பழைய புராஜெக்ட், ஜாவாஸ்கிரிப்ட்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்-இல், அதுவும் நோட் 14-இல் ஓடுவது. அதற்கு 2023 ஏப்ரலிலேயே சப்போர்ட் முடிந்தாயிற்று; கிளையன்ட்டுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. எந்த வெர்ஷன் என்று எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த தம்பி 18 போட்டிருந்தான். பில்ட் அடித்ததும் ஓப்பன்எஸ்எஸ்எல் (நோடுக்குள் இருக்கும் குறியாக்க லைப்ரரி) எரர். நோட் 17-இலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்துவிட்டது. கோடு பைல்களைக் கட்டித்தரும் வெப்பேக் 4 கேட்கும் எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறையை அது சும்மா தருவதில்லை. நெட்டில் தேடினால் ஒரே பதில்: பழைய முறைகளைத் திறந்துவிடும் லெகசி புரொவைடர் ஆப்ஷனைப் போடு. போட்டால் ஓடத்தான் செய்யும். அப்புறம் அந்த வரி எல்லார் செட்டப்பிலும் ஒட்டிக்கொள்ளும், எதற்காகப் போட்டோம் என்பதே மறந்துவிடும். அதனால் நோட் வெர்ஷன்களை மாற்றித்தரும் என்விஎம்மில் 14-ஐயே போடச் சொன்னோம்.

அவனுடையது எம்1 மேக். 16-க்கு முந்தைய நோடில் அந்தச் சிப்புக்கு ரெடிமேட் பைல் கிடையாது, சோர்ஸிலிருந்து கம்பைல் ஆக ஆரம்பித்தது. டீ குடித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில், இன்டெல் புரோகிராமை அந்தச் சிப்பில் ஓட்டும் ரொசெட்டா டெர்மினலில் இன்டெல் வெர்ஷனைப் போட்டு முடித்தோம். அன்று சாயங்காலமே ரெப்போவில், எந்த வெர்ஷன் என்று என்விஎம்முக்குச் சொல்லும் .என்விஎம்ஆர்சி பைல் ஏறியது. ஒரே ஒரு வரி.

— — —

.என்விஎம்ஆர்சி இருந்தும் நாங்கள் மாட்டினோம் பாஸ். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றுக்கான ரிப்போர்ட், ராத்திரி கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) ஓடும். கையால் ஓட்டினால் பிரமாதம், கிரானில் மட்டும் படுத்துவிடும். லாகில் சின்டாக்ஸ் எரர், '?.' என்ற ஜாவாஸ்கிரிப்ட் குறி இருக்கும் இடத்தில் அந்தப் புள்ளியைக் காட்டி முறைக்கிறது. என்விஎம் தனி புரோகிராம் இல்லை, ஷெல் பங்ஷன். நாம் லாகின் செய்யும்போது பேஷ்ஆர்சி என்ற ஷெல் செட்டிங் பைல் அதை ஏற்றுகிறது. கிரான் அந்தப் பக்கமே போகாது. அதனால் உபுண்டு 22.04-இல் அதன் இன்ஸ்டாலர் ஏப்ட் போட்ட நோட் 12 ஓடியிருக்கிறது, '?.' வந்ததே 14-இல்தான். கிரான்டேபில் நோடின் முழுப் பாதையை எழுதியதும் சரியாகிவிட்டது.

— — —

அந்தப் பாதையிலேயே வெர்ஷன் நம்பர் இருக்குமே, அப்கிரேட் செய்யும்போதெல்லாம் அதையும் மாற்றணும். நாங்கள் என்விஎம்மை விட்டு, மீஸ் என்ற வெர்ஷன் மாற்றும் டூலுக்கு மாறிவிட்டோம். நோட், பைதான், ஜாவா மூன்றின் வெர்ஷனும் ஒரே பைலில். முன்பு ஏஎஸ்டிஎஃப் என்ற இதே மாதிரி டூலுக்கு எழுதிய .டூல்-வெர்ஷன்ஸ் பைலையே அது படிப்பதால் எதையும் திருத்தவில்லை. கிரானில் புராஜெக்ட் போல்டருக்குள் போய் 'மீஸ் எக்ஸெக்' வழியாக ஓட்டுங்கள். மீஸுக்கும் முழுப் பாதை கொடுக்கணும்தான், ஆனால் நோட் மாறினாலும் அது மாறாது.