இணையச் சமூக அறிவியலில் பகுதிநேர முதுகலை: என்னென்ன தகுதி கேட்கிறார்கள்?

வலைப்பின்னல் கேட்டது:

வணக்கம். கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு, இப்போது இங்கிலாந்தில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் முழுநேர வேலையில் இருக்கிறேன். இணையம் மனிதர்களின் பேச்சையும் நம்பிக்கையையும் எப்படி மாற்றுகிறது என்பதை ஆய்வு முறைப்படி படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆக்ஸ்ஃபோர்டு இன்டர்நெட் இன்ஸ்டிட்யூட் நடத்தும் சோஷியல் சயின்ஸ் ஆஃப் தி இன்டர்நெட் முதுகலையைப் பகுதிநேரமாகவும் படிக்கலாம் என்று பார்த்தேன். சமூகவியல் படிக்காதது தடையாகுமா? என்ன ஆவணங்கள் தேவை? வேலையையும் வைத்துக்கொண்டு படிக்க வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? விசா, கட்டணம் பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

மேற்படிப்பு எழுதியது:

சமூகவியல் பட்டம் இல்லாதது தடை இல்லை. 2001-இல் தொடங்கிய அந்த நிறுவனம் பல துறைக்காரர்களையும் ஒரே வகுப்பில் உட்கார வைப்பதற்காகவே இருக்கிறது. சட்டம், அரசியல், கணினி, இதழியல் என எங்கிருந்தும் வருகிறார்கள். ஆனால் மதிப்பெண்ணில் தளர்வு எதிர்பார்க்காதீர்கள். பிரிட்டிஷ் அளவுகோலில் முதல் வகுப்போ வலுவான அப்பர் செகண்டோ (இரண்டாம் வகுப்பின் மேல்நிலை) வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்துக்கு அது எந்த மதிப்பெண்ணுக்குச் சமம் என்பதற்குப் பல்கலைக்கழகமே நாடுவாரியாகப் பட்டியல் வைத்திருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

ஆங்கிலத் தேர்வு கேட்டால் ஆக்ஸ்ஃபோர்டின் உயர்நிலை வரம்பைக் கணக்கில் வையுங்கள். ஐஇஎல்டிஎஸ்ஸில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7.0-க்குக் குறையக் கூடாது. பெரும்பாலும் எழுத்துப் பிரிவில் 6.5 வாங்கித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மொத்தம் 8 இருந்தாலும் அது செல்லாது. விண்ணப்பம் செப்டம்பரில் திறக்கும். பெரும்பாலான கெடுக்கள் டிசம்பரிலும் ஜனவரியிலும் வரும். தேர்வை அக்டோபருக்குள் எழுதிவிட்டால் இன்னொரு முறை எழுத அவகாசம் இருக்கும்.

பரிந்துரைக் கடிதம் மூன்று. பொதுவாகக் கல்வித்துறைக் கடிதங்களையே விரும்புவார்கள். படிப்பை முடித்துச் சில ஆண்டுகள் ஆனவர்கள் மூன்றையும் மேலாளர்களிடம் வாங்கி அனுப்புவது பலவீனம். இளநிலைத் திட்டப்பணிக்கு வழிகாட்டிய ஆசிரியர் ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். அவருக்கு உங்கள் பழைய திட்டப்பணி அறிக்கையையும், ஏன் இதைப் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்துக்கு எழுதும் நோக்க அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்று இரண்டு வரியில் கடிதம் வரும், அதனால் பயன் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கனமானது நோக்க அறிக்கை. கணினிப் பின்னணியில் இருந்து வருபவர்கள் தங்களுக்குத் தெரிந்த நிரல்மொழிகளை அடுக்கிவிட்டு, "சமூக ஊடகம் அரசியலை எப்படி மாற்றுகிறது என்று ஆராய விரும்புகிறேன்" என்று முடித்துவிடுகிறார்கள். அது கேள்வியே இல்லை, ஒரு தலைப்புதான். யார், எந்தத் தளத்தில், எந்தக் காலத்தில், எதை எதோடு ஒப்பிட்டு, எந்தத் தரவை வைத்து என்ற ஐந்துக்கும் பதில் இருந்தால்தான் அது ஆய்வுக் கேள்வி ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு: "தேர்தல் காலத்தில் வேட்பாளர்களைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கங்களில், புதிய பயனர்கள் செய்யும் திருத்தங்கள் பழைய பயனர்களின் திருத்தங்களைவிட வேகமாக நீக்கப்படுகின்றனவா?" இதற்கான திருத்த வரலாறு முழுவதும் பொதுவில் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு பதிப்புக்கும் எஸ்ஹெச்ஏ-1 கையொப்பம் (உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் குறியீடு) இருக்கும். பின்னால் வரும் பதிப்பின் கையொப்பம் பழைய ஒன்றோடு அப்படியே ஒத்துப்போனால், நடுவில் நடந்தது மீளமைக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கலாம். தானியங்கி நிரல்கள் செய்யும் திருத்தங்களைப் பிரித்தெடுக்க வேண்டும். முழுதாக நீக்கப்பட்ட பக்கங்களின் வரலாறு பொதுக் கோப்புகளில் வராது, அதனால் கடுமையான சண்டைகள் சில கணக்கிலேயே சேராது. இந்தக் குறையையும் நீங்களே எழுதிவிட்டால், படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும். இந்தத் துறை எதிர்பார்க்கும் யோசனை இதுதான்.

தரவுத்தச்சன் எழுதியது:

நேரத்தைப் பற்றி. பிரிட்டனில் வழக்கமான முதுகலைக்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய 10 மணி நேர உழைப்பு. ஆக மொத்தம் 1,800 மணி நேரம். ஆக்ஸ்ஃபோர்டு எல்லாவற்றையும் கிரெடிட்டில் எண்ணுவதில்லை என்றாலும் உழைப்பு அந்த அளவுதான். இரண்டு ஆண்டுகளில் விடுமுறையும் நோயும் போக 90 வாரம் கையில் நிற்கும் என்று வைத்தால், வாரத்துக்கு 20 மணி நேரம்.

ஆனால் அந்த 20 சீராக வராது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பருவம் 8 வாரம்தான், ஆண்டுக்கு மூன்று பருவம். வகுப்பு, வாசிப்பு, கட்டுரை எல்லாம் அந்த 8 வாரத்துக்குள் நெருக்கும். ஐந்து நாள் வேலையை அப்படியே வைத்துக்கொண்டு சேருபவர்கள் முதல் பருவத்தின் ஐந்தாவது வாரத்திலேயே திணறுகிறார்கள். பகுதிநேரம் என்ற சொல்லைப் பார்த்து மாலை வகுப்பு, வார இறுதி வகுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். தொலைநிலைப் படிப்பும் அல்ல, நேரில் வர வேண்டும். வேலையை நான்கு நாளாகக் குறைத்துக்கொள்வதோ, பருவ வாரங்களுக்கு மட்டும் சம்பளமில்லா விடுப்பு வாங்குவதோ நடைமுறையில் கைகொடுக்கும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர் வேலை நேரத்தைக் குறைத்தால் சம்பளம் விசாவின் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் விசாப் பிரிவிடம் கேட்காமல் இதில் கை வைக்காதீர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் பகுதிநேரப் படிப்புகளில் படிப்புக்கு நேரம் ஒதுக்க முடியும் என்பதற்கான ஆதாரத்தையும், வேலையில் இருப்பவர் என்றால் நிறுவனத்தின் ஒப்புதலையும் எதிர்பார்ப்பது வழக்கம். "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்ற பொத்தாம்பொதுவான கடிதம் போதாது. எந்தப் பருவங்களில், எத்தனை நாள், எந்த ஏற்பாட்டில் விடுவிக்கிறார்கள் என்று இருக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குள் எந்தக் கல்லூரி என்று தேர்ந்தெடுப்பதில் ஒரு சிறு விஷயம்: எல்லாக் கல்லூரிகளும் பகுதிநேர மாணவர்களை எடுப்பதில்லை. படிப்பின் பக்கத்தில் உள்ள பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், அல்லது விருப்பம் எதுவும் இல்லை என்று குறித்துவிடுங்கள்.

செம்பருத்தி எழுதியது:

விசா, கட்டணம். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர் படிக்கத் தடையில்லை, அதனால் உங்களுக்கு மாணவர் விசா தேவைப்படாது. இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மாணவர் விசாவில் பகுதிநேர முதுகலை படிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அந்த விசாவில் வேலை செய்யவே கூடாது. படித்து முடித்தபின் இங்கேயே வேலை செய்ய உதவும் கிராஜுவேட் ரூட் விசாவும் கிடைக்காது, அது முழுநேரம் படித்தவர்களுக்கு உரியது. சட்டம் அனுமதிப்பது வேறு, பல்கலைக்கழகம் அந்தப் படிப்புக்கு ஸ்பான்சர் செய்வது வேறு. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கட்டணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இங்கே வரி கட்டுகிறோம், அதனால் உள்நாட்டுக் கட்டணம் என்று நினைப்பது தவறு. பொதுவான விதிப்படி, படிப்பு தொடங்கும் நாளில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை (நிரந்தர விசா போன்றது) இருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் இங்கேயே வசித்திருக்கவும் வேண்டும். வேலை விசாவில் மட்டும் இருப்பவருக்கு வெளிநாட்டுக் கட்டணம்தான், அரசின் முதுகலைக் கடனும் கிடைக்காது. நிரந்தர விசா கிடைக்க ஓராண்டுதான் பாக்கி என்றால், சேர்வதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவது பெரிய தொகையை மிச்சப்படுத்தும். பாதிப் படிப்பில் நிரந்தர விசா வந்தால் கட்டண நிலை தானாக மாறிவிடும் என்று எண்ணி இறங்காதீர்கள்.

வலைப்பின்னல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்னொன்று. எங்கள் நிறுவனத்தின் செயலியில் பயனர் நடத்தை பற்றிய தரவு நிறைய இருக்கிறது. ஆய்வேட்டுக்கு அதையே பயன்படுத்தலாமா? இல்லை, சமூக ஊடக ஏபிஐ (தளத்தில் இருந்து நிரல் மூலம் தரவு எடுக்கும் வாசல்) வழியாக எடுப்பது நல்லதா?

தரவுத்தச்சன் எழுதியது:

நிறுவனத் தரவு பார்க்கத்தான் சுலபம். அந்தப் பயனர்கள் ஆய்வுக்கு ஒப்புதல் கொடுக்கவில்லை. 2014-இல் வெளிவந்த ஃபேஸ்புக்கின் உணர்ச்சிப் பரவல் ஆய்வு 6,89,003 பேரின் செய்தியோடையை அவர்களுக்குத் தெரியாமல் மாற்றிப் பார்த்தது. அதற்கு எழுந்த கண்டனமும் இதைப் பற்றித்தான். 2006-இல் ஏஓஎல் பெயர்களை நீக்கித்தான் தேடல் பதிவுகளை வெளியிட்டது. அப்படியும் பத்திரிகையாளர்கள் ஒருவரைத் தேடல் சொற்களை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். "பெயர் இல்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்ற வாதம், ஆய்வுக்கு அனுமதி தரும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் எடுபடாது. அந்தக் குழுவின் ஒப்புதல் தரவு சேகரிக்கும் முன்பே வர வேண்டும். சேகரித்துவிட்டுப் பின்னால் கேட்டால் தரமாட்டார்கள், அந்தத் தரவைக் கழித்துக்கட்ட வேண்டியதுதான். போதாக்குறைக்கு, நிறுவனம் பாதியில் மனம் மாறி வெளியிடக் கூடாது என்றால் ஆய்வேடே நின்றுவிடும்.

ஏபிஐ பக்கம் போனாலும் கவனம். ட்விட்டரின் இலவச ஆய்வாளர் வழி 2023-இல் போய்விட்டது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பொதுப் பதிவுகளைப் பின்தொடர உதவிய கிரவுட்டாங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் மூடினார்கள். அதற்குப் பதிலாக வந்த மெட்டா கன்டென்ட் லைப்ரரிக்குத் தனி விண்ணப்பம், தனி அனுமதி வேண்டும், தரவைப் பார்ப்பதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. ஆய்வேட்டுக்கு இருக்கும் சில மாதங்களில் அதை நம்பி இறங்குவது ஆபத்து. முதுகலை அளவுக்கு விக்கிப்பீடியா போன்ற திறந்த தரவோ, 15 முதல் 20 நேர்காணல்களோ போதும்.

நேர்காணல் அல்லாமல் பொதுப் பதிவுகளை எடுத்தாலும் யாருடைய வாசகத்தையும் எழுத்துக்கு எழுத்து மேற்கோள் காட்டாதீர்கள். தேடுபொறியில் போட்டால் ஆள் கிடைத்துவிடுவார். பொருள் மாறாமல் திருப்பி எழுதி, அதையும் தேடிப் பார்த்துச் சரிபாருங்கள்.

மேற்படிப்பு எழுதியது:

தரவுத்தச்சன் சொன்னதோடு கால அட்டவணையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகுதிநேரத்தின் பெரிய வசதி, முதல் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடையில் வரும் கோடைக்காலம். முழுநேர மாணவர்களுக்கு அப்படி ஓர் இடைவெளி இல்லை. முதல் ஆண்டின் கடைசிப் பருவத்திலேயே வழிகாட்டியிடம் கேள்வியைப் பேசி முடித்து, நெறிமுறை விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால், அந்தக் கோடையில் சிறிய அளவில் தரவு எடுத்துச் சோதிக்கலாம். இரண்டாம் ஆண்டுப் பாடங்கள் தொடங்கியபின் அந்த நேரம் கிடைக்காது.

சேருவதற்கு முன் உங்களுக்குப் பைத்தான் பயிற்சி தேவையில்லை என்று நினைக்கிறேன். ரிக்ரெஷன் அட்டவணையைப் படிப்பது, நம்பக இடைவெளி, மாதிரியெடுப்புச் சாய்வு ஆகிய புள்ளியியல் அடிப்படைகளை ஒரு முறை தூசி தட்டுங்கள். மற்ற நேரத்தையெல்லாம் எழுத்துக்குக் கொடுங்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அதன் வாதம் எங்கே தரவைத் தாண்டிப் போகிறது என்று 1,500 சொல்லில் எழுதி, சமூக அறிவியல் படித்த ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி கேட்டால் அனுப்புவதற்கும் அது ஆகும். அலுவலக அறிக்கையை மட்டும் மாதிரியாக அனுப்பிவிட வேண்டாம்.