நெடுந்தூரம் ஓடி முடித்த பிறகு என்ன சாப்பிடுகிறீர்கள்? டெல்டா ஓட்டக்காரர்களின் அனுபவங்கள்

குடமுருட்டி:
தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரை ஓடித் திரும்பினால் 25 கி.மீ. அளவுக்கு வரும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலங்களை எண்ணியபடியே போகலாம் என்பதால் எனக்குப் பிடித்த பாதை. ஆனால் நம் பக்கத்துப் புழுக்கம் இருக்கிறதே! வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது காயாமல் சொட்டுகிறது, உப்பையும் கூடவே கொண்டுபோகிறது. ஓடி முடித்ததும் சாப்பாட்டின் வாசனையே ஆகாது.

சென்ற வாரம் காவிரிப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்று தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தேன். மோர் விற்கும் பாட்டி ஒருவர், "வெறுந்தண்ணீரா குடிக்கிறாய் தம்பி? வயிற்றைப் புரட்டும்" என்று சொல்லி, தனக்கு வைத்திருந்த நீராகாரத்தில் கல் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். நடவுக்குப் போகிறவர்கள் வெயிலில் தாக்குப்பிடிப்பது இதை நம்பித்தானாம். கால் மணி நேரத்தில் பசி எடுத்துவிட்டது. அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். இரண்டு டம்ளர் மோர் வாங்கிக் கணக்கைச் சரிசெய்தேன்.

உங்களுக்கு இப்படி யாராவது வழி காட்டியிருக்கிறார்களா?

அரிசிலாறு:
பாட்டி சொன்னது சரிதான் தம்பி. வியர்வையில் போன உப்பை, அதாவது அதிலுள்ள சோடியத்தை, ஈடுகட்டாமல் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். குமட்டல், தலைவலியில் தொடங்கி, முற்றினால் வலிப்பு வரை போகும்.

எனக்கு வழிகாட்டியவர் கும்பகோணத்தில் ஒரு ஓய்வுபெற்ற பயிற்சியாளர். பையில் எடை பார்க்கும் இயந்திரத்தோடுதான் வருவார். ஓடுமுன் ஒருமுறை, முடித்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒருமுறை ஏறி நிற்கச் சொல்வார். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, உப்புள்ள உணவோடு குடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

டிகிரி காபி விஷயத்தில்தான் அவருக்கும் எங்களுக்கும் தகராறு. காபி குடித்தால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் அந்த ஊரில் காபி குடிக்க உட்கார்ந்தால் பேச்சு முடியாது, பசியும் அடங்கிவிடும், தசைக்குப் போக வேண்டிய மாவுச்சத்து போகாது என்பது அவர் வாதம். அதனால் முதலில் இட்லியும் கடப்பாவும், பிறகுதான் காபி. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கடப்பாவைவிட ஓட்டக்காரருக்கு ஏற்ற தொடுகறி எனக்குத் தெரிந்து இல்லை. 60 கிலோ எடை உள்ளவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் சுமார் 60 கிராம் மாவுச்சத்து, 20 கிராம் புரதம் போனால் நல்லது. நான்கு இட்லி, கடப்பா, ஒரு பூவன் பழம், இரண்டு அவித்த முட்டை: தாராளமாகப் போதும்.

வெண்ணாற்றங்கரை:
என் கதை மருந்துக்கடையில். ஓடி முடித்து முழங்கால் வலியோடு போய் வலி மாத்திரை கேட்டேன். கடைக்காரர் மாத்திரையை எடுக்காமல், "கடைசியாக எப்போது சிறுநீர் போனது? என்ன நிறம்?" என்று கேட்டார். கடையில் நான்கு பேர் நிற்கிறார்கள்! உடலில் நீர் வற்றியிருக்கும்போது இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று சொல்லி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, ஒரு லிட்டரில் கரைத்துக் குடித்துவிட்டு வரச் சொன்னார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்த மனிதர்.

இளநீர் மட்டுமே போதும் என்பவர்களுக்கு ஒரு சொல்: அதில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, நமக்கு அதிகம் போவது சோடியம். ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள்.

கொள்ளிடம்:
அரிசிலாறு அக்கா, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது எல்லோருக்கும் தேவையா? மறுநாளும் ஓடுகிறவர்களுக்குச் சரி. வாரம் ஒருமுறை ஓடுகிறவர் வழக்கம்போல மூன்று வேளை சோறு சாப்பிட்டாலே ஒரு நாளில் தசையில் மாவுச்சத்தின் இருப்பு நிரம்பிவிடும்.

எனக்கு வேறு கவலை. ஜூனில் மேட்டூரில் தண்ணீர் திறந்ததும், ஓடி முடித்தவர்கள் கால் வலி போக ஆற்றில் இறங்குகிறார்கள். களைத்த கெண்டைக்கால் தண்ணீரில் பிடித்துக்கொண்டால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. படித்துறையில் ஒரு மீனவர் என்னைத் தோளைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டு, "பத்து நிமிடம் நட, பிறகு செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்" என்றார். இப்போது செம்போடுதான் போகிறேன்.

அரிசிலாறு:
வாரம் ஒருமுறை ஓடுகிறவருக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. உப்பு விஷயத்தில் மட்டும் விலக்கு கிடையாது.

குடமுருட்டி:
திருவையாற்றுக்கு வருகிறவர்கள் அசோகா அல்வாவைப் பற்றி யாரும் பேசவில்லையே? அதுவும் பாசிப்பருப்புதான்!

வெண்ணாற்றங்கரை:
பருப்பைவிட நெய்தான் அதில் முன்னால் நிற்கிறது தம்பி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்கள், யாரும் கேட்க மாட்டோம்.